ஆளில்லாத புல்வெளி

சத்யபிரியாவின் பட்டச் சான்றிதழை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவளுடைய அப்பா கதிரேசனே கொண்டுபோய்க் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று ஜெராக்ஸ் போதும் என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். கதிரேசனுக்கு மனசு கேட்கவில்லை. தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். அவர் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள். செம்பாக்கத்தில் ஏரி நிரம்பினால் முதலில் தண்ணீர் நுழைவது அவர்கள் வீட்டில்தான். அதனால் அசலையே நீட்டினார்.

"வூட்ல வச்சா மழத்தண்ணில போய்டும் சார். உங்க பீரோவுலயே கெடக்கட்டும்."

முதலாளி தனசிங் சார் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே வைத்துப் பூட்டினார். அந்த மரியாதையை அப்பா தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

கீழ்க்கட்டளையில் மருந்துக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. உலகத்தில் போய்ப் பார்க்க வேண்டிய கோல்ஃப் மைதானங்களைப் பற்றிய இணையதளம் அங்கிருந்துதான் ஓடியது. ஸ்காட்லாந்தின் கடற்காற்றையும் தாய்லாந்தின் செயற்கைக் குளத்தையும் யாரோ எடுத்த படத்தைப் பார்த்தே சத்யபிரியா ஆங்கிலத்தில் எழுதுவாள். கட்டுரைக்குக் கீழே தனசிங் பெயர் வரும், தொப்பி போட்ட அவர் முகத்தோடு. அவள் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. அவரும் தொட்டிருப்பாரா என்பது அவளுக்குச் சந்தேகம்தான்.

இப்போது ஒரு நாளிதழின் புகைப்படப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அசல் சான்றிதழோடு போய் நிற்க வேண்டும். தனசிங்கிடம் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் திருப்பிக் கத்தியாவது இருக்கலாம். வண்டலூருக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு மைதானம் திறந்திருக்கிறார்கள், அதைப் படமெடுத்து எழுதிக் கொடு, அவர்களுக்குப் பிடித்துவிட்டால் எடுத்துக்கொண்டு போ என்றார்.

விடியும்போதே போய்விட்டாள். சூரியன் தாழ்வாக இருந்தால்தான் புல்வெளியின் மேடு பள்ளம் நிழலில் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடும். பனி உலராத புல்லில் வெளிச்சம் சாய்ந்து விழுந்தபோது அவளே கேமராவை இறக்கிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அதற்கும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

படத்துக்கு நட்டநடுவில் களை பிடுங்கும் பெண்கள் குந்தியிருந்தார்கள். மைதானப் படத்தில் ஆள் இருக்கக் கூடாது. பார்க்கிறவன் அங்கே தன்னை மட்டும்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். இது தனசிங்கின் சட்டம். அவர்களை நகரச் சொல்லும்படி மைதான மேலாளர் இவளுக்குச் சைகை காட்டினார்.

"அக்கா, கொஞ்சம் அந்த மரத்தாண்ட போறீங்களா?"

"இன்னாம்மா, நாங்க குந்திகினு இருந்தா புல்லு கோச்சிக்குமா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே எழுந்து போனார்கள். சத்யபிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. படம் எடுத்தாள்.

எழுத உட்கார்ந்தபோது கெடுத்து எழுதலாமா என்று தோன்றியது. கெடுத்தால் மைதானக்காரர்களுக்குப் பிடிக்காது, பீரோ திறக்காது. அதனால் நன்றாக எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இதுவரை எழுதாத அளவுக்கு நன்றாக எழுதினாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். சனிக்கிழமை காலை மைதானக்காரர்களிடமிருந்து பதில் வந்தது. மற்ற ஊர்களில் இருக்கும் தங்கள் மைதானங்கள் அத்தனைக்கும் இதே கை வேண்டுமாம்.

"இப்படி எழுதிட்டுப் போறேன்னா யாரும்மா விடுவா?" என்றார் தனசிங். பாராட்டாகத்தான் சொன்னார். சான்றிதழைக் கேட்டதற்கு, "உங்க அப்பா என்னை நம்பிக் கொடுத்தது. அவர் கையிலதான் கொடுப்பேன். அதுதான் முறை" என்றார்.

படித்தவள் இவள். பரீட்சை எழுதியவள் இவள். முறை மட்டும் இரண்டு ஆண்களுக்கு நடுவில் இருந்தது.

மதியம் கதிரேசன் வந்தார். ரோட்டில் மாநகரப் பேருந்தையே ஓரங்கட்டி வம்பு பேசுகிறவர், இங்கே செருப்பை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தார். தனசிங் நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார், பெரிய திரையில் வண்டலூர் படங்களை ஓடவிட்டார். இது நம்ம பாப்பா எடுத்ததா என்று அப்பா ஒவ்வொரு படத்துக்கும் கேட்டார். அதன் கீழே யார் பெயர் போட்டிருக்கிறது என்று அவரால் படிக்க முடியாது. சொல்லிவிடலாம் என்று சத்யபிரியா வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. அதற்காகத் தன்னையே மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

தனசிங் பீரோவைத் திறந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஓரம் மடங்கியிருக்கிறதா, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அதைத் திரும்ப நீட்டினார்.

"பத்தரமாத்தான் கீது. உங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் நடுவில் சத்யபிரியா அதன் ஓரத்தைப் பிடித்தாள்.

"அப்பா, அது என்னுது."

"சார் முன்னாடி இன்னா பேச்சு இது? ஏசி ரூம்ல குந்தி வேல செய்ற. கேமராவத் தூக்கினு வெயில்ல திரியறதுக்கா உன்ன படிக்க வச்சேன்?"

"மழயில போய்டும்னு பயந்துதான கொடுத்த. இங்க வச்சதுலதாம்ப்பா போச்சு. விடு."

அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. யார் இழுத்தாலும் கிழியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அப்பா தனசிங்கைப் பார்த்தார். மகளுக்குக் கொடுக்கலாமா என்று அவரைக் கேட்கிற பார்வை அது.

தனசிங் சிரித்தார். "கொடுங்கண்ணா. ரெண்டு நாள்ல அவளே கொண்டுவந்துடுவா."

"நானே கூட்டினு வரேன் சார்" என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அப்பாவின் விரல்கள் தளர்ந்தன.

கைக்கு வந்துவிட்டது. ஒருவர் தலையாட்டி, இன்னொருவர் விட்டு, கைக்கு வந்தது. அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அப்பா மெதுவாக வந்து வண்டியைக் கிளப்பினார். திங்கட்கிழமை முதல் வேலையாகச் சாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், நல்ல மனுஷன், மனசில் வைத்துக்கொள்ள மாட்டார் என்று மேடவாக்கம் போகும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். சிக்னலில் நின்றபோது அவர் கையைப் பின்னால் நீட்டினார்.

"இங்க குடு பாப்பா, சீட்டுக்கடியில வச்சிக்கிறேன். மடங்கிடும்."

"மடங்கட்டும்" என்றாள்.