எதிர்வீட்டு மைக்ரோவேவ்

"எவர்சில்வர் கிண்ணத்தை உள்ள வெச்சிருக்கே. வெச்சுட்டு இல்லேன்னு சாதிக்கறே."

"நான் வெக்கல அத்தை. எத்தனை தரம் கேட்டாலும் அதான்."

"அப்ப பேய் வந்து வெச்சுதா?"

இந்த இடத்தில்தான் நான் அவர்கள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். எப்போதோ வாங்கிய டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கு. டப்பா அவர்களுடையதே இல்லை என்பது வேறு விஷயம். இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்தும்போது டப்பா யாருடையது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

மாமியாரை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் பெரியம்மா என்போம். யாருக்குப் பெரியம்மா என்று யாருக்கும் தெரியாது. மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கத்தினாலும் மாத்திரை எண்ணிக் கொடுப்பது போல அளந்துதான் கத்துவாள். மகனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. அதனால் லிஃப்ட்காரர். அவர் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு, சண்டை பக்கத்து ஊரில் நடப்பது போல நின்றார்.

விஷயம் இவ்வளவுதான். மைக்ரோவேவில் விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, உள்ளே விசிறி இரைகிறது. வைத்தது மட்டும் சூடாவதில்லை. லீவு நாளில் என் வீட்டுக்காரர் வேலை செய்கிற மாதிரி. இதற்கு மருமகள் வைத்த எவர்சில்வர் கிண்ணம்தான் காரணம் என்று பெரியம்மா தீர்ப்பே எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, ஒரு சாமானை எப்படிப் புழங்குவது என்றுகூடச் சொல்லிக் கொடுக்காமல் பெண்ணைக் கட்டிக் கொடுத்தீர்களே என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாராம்.

மருமகள் முகம் அதற்குப் பிறகுதான் மாறியது. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா முன்னால இதைப் பிரிச்சுப் பாருங்க. என் தப்புன்னா அங்கயே மன்னிப்புக் கேக்கறேன். இல்லேன்னா அவங்ககூடவே கிளம்பிடுவேன்."

லிஃப்ட்காரர், எதுக்கு வம்பு, புதுசாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்றார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நான் என் வீட்டில் போய்ச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவருமே போனோம். என் வீட்டுக்காரருக்கு மின்சாரம் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. சம்பந்தியம்மா நாற்காலி நுனியில், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தார். மைக்ரோவேவ் சாப்பாட்டு மேஜைமேல் ஆபரேஷனுக்குக் கிடத்தின மாதிரி இருந்தது.

லிஃப்ட்காரர் பிளக்கைப் பிடுங்கி எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜைமேல் வைத்தார். மேல்மூடியைக் கழற்றியதும் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். உள்ளே தகர டப்பா மாதிரி ஒன்று, அதுதான் கெப்பாசிட்டராம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், தெரியாமல் கை வைத்தால் ஆளே போய்விடலாம், வீட்டில் யாரும் இதைப் பிரிக்கவே கூடாது என்றார். நீளமான கைப்பிடிக்குள் மின்சாரத்தை மெதுவாக இறக்குகிற ரெசிஸ்டர் கோத்த ஒரு கம்பியால் அதை முதலில் வடித்தார். வடிந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு தரமும் பார்த்தார். அப்புறம்தான் விரல் உள்ளே போனது.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. கதவு மூடும் இடத்தில் விரல்நக அளவில் சில ஸ்விட்சுகள். அதில் ஒன்று கதவை மூடினாலும் மின்சாரத்தை விடவில்லை. கழற்றிக் காட்டினார், முனை கருகிக் கிடந்தது.

"அந்த ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கிட்டா ஓடிடுமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓடும் சார். கதவு திறந்திருந்தாலும் ஓடும். அப்புறம் உள்ள நீட்டற கையும் சேர்ந்து வேகும். லிஃப்டும் இப்படித்தான், கதவு மூடாம நகரக் கூடாது. அதை ஏமாத்தறவன் கொலைகாரன்."

என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். லிஃப்ட்காரர் பையிலிருந்து புது ஸ்விட்சை எடுத்தார். அதே அளவு, அதே திறன். பிரித்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே சரியான சாமானை வாங்கி வைத்திருக்கிறாரே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஊர் விஷயமெல்லாம் உறைக்கிற எனக்கு இது உறைக்கவில்லை.

"அப்ப கிண்ணம் காரணம் இல்லையா மாப்பிள்ளை?" சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவை வெடுக்கென்று திறந்தால் உள்ளே பொறி பறக்கும், தினமும் அப்படிச் செய்தால் கருகிப்போகும் என்று ஸ்க்ரூ டிரைவரிடம் சொன்னார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

பெரியம்மாவா விடுவார்? "காலைல பறந்துக்கிட்டு ஓடறவ யாரு? இவதானே. நான் அதைத் தொடறதே இல்ல."

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவர் மூடியை மாட்டி, ஒவ்வொரு திருகாக முடுக்கினார். அவ்வளவு அழகாக யாரும் முடுக்கி நான் பார்த்ததில்லை.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஓடவிட்டார். எண்கள் இறங்க ஆரம்பித்தன. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு என்று காட்டிய நேரத்தில் ஒரு கை பாய்ந்து கதவை வெடுக்கென்று திறந்தது. 'பீப்' சத்தமே வரவில்லை. தண்ணீரிலிருந்து ஆவி வந்தது.

கை லிஃப்ட்காரருடையது. எவ்வளவு நாள் பழக்கம் இருந்தால், இத்தனை பேர் முன்னால் தானாகப் போகும்.

அவர் கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. காதுமடல் இரண்டும் சிவந்து, கழுத்து சட்டைக்குள் இறங்கிக்கொண்டே போனது.

"நீயாடா?" என்றார் பெரியம்மா.

மதியம் வேலைக்கு நடுவில் வீட்டுக்கு வந்துபோவாராம். டாக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னதிலிருந்து பெரியம்மாதான் காவல். அம்மா தூங்கும் நேரம் பார்த்து, மிச்சம் மீதியைச் சூடுபண்ணித் தின்றிருக்கிறார்; அந்தக் கிண்ணமும் அவர் மறந்து விட்டுப்போனதுதானாம். "சத்தம் கேட்டா நீ முழிச்சுக்குவேம்மா" என்று சொல்லும்போது அந்தப் பெரிய மனிதரின் குரல் கீச்சென்றது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தரையைப் பார்த்தேன், எல்லோருமே தரையைத்தான் பார்த்தோம்.

பெரியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தியம்மாவிடம், தண்ணி குடிக்கறீங்களா என்று கேட்டு, கேட்ட வேகத்தில் அந்தக் கொதிக்கிற டம்ளரையே எடுக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார்.

மருமகள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க தின்னதை நான் கேக்கல. இத்தனை நாளா என்னை நிக்க வெச்சுப் பேசினாங்க. நீங்க பக்கத்துலயே நின்னீங்க. ஸ்விட்ச் வாங்கத் தெரிஞ்சுது, வாயைத் திறக்கத் தெரியல."

சொன்ன சொல் மாறாமல் அவள் அம்மாவோடு கிளம்பிவிட்டாள். படியிறங்கும்போது பெரியம்மா பின்னாலேயே ஓடி, மாடி கீழ்வீடு எல்லாம் எட்டிப் பார்க்க, தப்பு என்னுதும்மா என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அவள் நின்று கேட்டாள். திரும்பவில்லை.

பிறகு அவள் மருந்துக்கடைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டாள். லிஃப்ட்காரர் வெகுநாள் அந்தத் தெருவுக்கு நடையாய் நடந்து, கடைசியில் ஒரு பெட்டியோடு அங்கேயே குடியேறினார். போகச் சொன்னதே பெரியம்மாதானாம். தனியாக இருக்க முடியாமல் அவரும் தங்கை வீட்டோடு போய்விட்டார். எதிர்வீட்டுக்கு இப்போது புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்திருக்கிறது. கதவை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறார்கள். என்ன மனிதர்களோ.