மாடியறைக்கென்று ஒரு வைஃபை

கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் அந்த வி.ஆர். ஹெட்செட்டை மணிராஜ் தனக்காகத்தான் வாங்கினான். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லின் தர ஆய்வகத்தில் பகலெல்லாம் நூலை இழுத்துச் சோதித்துவிட்டு வருகிறவனுக்கு, மாலையில் மாடியறைக் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்டுவதுதான் ஓய்வு. ஹெட்செட்டை மாட்டினால் காருக்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டுவதுபோல இருக்கும் என்றார்கள். இருந்தது. முதல் வளைவிலேயே குடலைப் புரட்டிவிட்டது. மறுபடியும் மறுபடியும் முயன்று பார்த்தான். ஒவ்வொரு முறையும் தலை சுற்றி, எலுமிச்சம்பழம் தேடித்தான் கீழே இறங்கினான். கடைசியில் அதைத் துணியில் சுற்றி அலமாரிமேல் வைத்துவிட்டான்.

அதை மறுபடி எடுத்தவள் அவன் மனைவி பொன்செல்வி.

கல்லூரியில் படித்த காலத்தில் அவள் பல்கலைக்கழக அணிக்கு டேபிள் டென்னிஸ் ஆடியவள். அது மணிராஜுக்குத் தெரியும். கோப்பைகளையும் பார்த்திருக்கிறான். ஆனால் அவள் ஆடி அவன் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த இடத்தில் மேசையும் இல்லை, எதிரே நின்று ஆட ஆளும் இல்லை.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவன், மாடியில் காலடி தட்டும் சத்தம் கேட்டு ஏறிப் போனான். பொன்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகத்தில் ஹெட்செட்டுடன் நின்றிருந்தாள். கையிலிருந்த கன்ட்ரோலர்தான் மட்டை. கம்ப்யூட்டர் திரையில் பச்சை மேசை தெரிந்தது. அவள் கை வீச வீசப் பந்து போய்வந்தது. ஹெட்செட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயர் அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டிருந்ததை அவன் கவனிப்பதற்குள் அவள் பின்னால் தாவினாள். அவன் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்காவிட்டால் கட்டில் விளிம்பில் மண்டை மோதியிருக்கும்.

"இனிமே இந்த வயரு வேண்டாம்" என்றான் மணிராஜ்.

வயர் இல்லாமல், வீட்டு வைஃபை வழியாகவே படம் ஹெட்செட்டுக்குப் போகும்படி அவன் மாற்றிக் கொடுத்தான். ஒரு கஷ்டம் தீர்ந்து இன்னொன்று முளைத்தது.

"ஏங்க, பந்து நிக்குது" என்றாள் பொன்செல்வி.

"நிக்குதுன்னா?"

"எதிர்ல உள்ளவ அடிக்கா. வலைக்கு மேல வருது. அங்கனயே நிக்குது. நான் மட்டையை வீசுன பொறவு பாத்தா, எனக்குப் பின்னால கிடக்கு. கீழ அத்தை செல்லுல சீரியல் பாக்க நேரத்துல இன்னும் மோசம்."

அவனாக இருந்தால் அன்றைக்கே ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருப்பான். அவள் வைக்கவில்லை. சமையல் முடித்துக் கிடைக்கிற நேரத்தில் மாடிக்கு வந்து ஆடினாள். மணிராஜ் வாசலில் நின்று பார்த்தான். பந்து உறைந்து நிற்கும். அவள் கண்ணால் பார்க்காமலே, அது இந்நேரம் எங்கே வந்திருக்கும் என்று கணித்துக் கையை வீசுவாள். பாதி அடி படும். பாதி காற்றில் போகும். காணாத பந்தை அடிக்கிற கைக்குப் பந்து ஒழுங்காகத் தெரிந்தால் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவனை விடவில்லை.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹெப்ரான் அவனோடு ஒன்றாகப் படித்தவன். மணிராஜ் அவனுக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னான்.

"லே மணி, நெட்டைக் குத்தம் சொல்லாத" என்றான் ஹெப்ரான். "கம்ப்யூட்டரு ஒவ்வொரு படமா வரைஞ்சு ஹெட்செட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. அது வெளிய இருந்து வாரது இல்ல, உன் வீட்டுக்குள்ளயே ஓடுத வெள்ளம். உங்க ஹால்ல இருக்க ரவுட்டரு அம்மா சீரியலையும் பாக்கணும், உன் செல்லையும் பாக்கணும், சுவரைத் தாண்டி மாடிக்கு இந்த வெள்ளத்தையும் அனுப்பணும். எப்படி முடியும்?"

"அப்ப என்ன செய்ய?"

"இதுக்குன்னே ஒரு ரவுட்டர் வாங்கு. மாடியறையில, தங்கச்சி நிக்கிற எடத்துக்கு நேரா மாட்டு. கம்ப்யூட்டரை அதுல கேபிள் போட்டுச் சொருகிரு. காத்துல போறது ஹெட்செட்டுக்கு உள்ளது மட்டும்தான் இருக்கணும். பாஸ்வேர்டை ஒருத்தருகிட்டயும் சொல்லாத. உன் செல்லைக்கூட அதுல சேக்காத. அதுதான் முக்கியம்."

மணிராஜ் மறுநாளே பாளையங்கோட்டைக்குப் போய் அதை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். ஹாலிலிருந்து மாடிப்படி ஓரமாக கேபிள் இழுத்தான். சுவரில் பலகை அடித்து ரவுட்டரை வைத்தான். அதற்கு 'செல்வி' என்று பெயர் கொடுத்தான்.

அன்று மாலை பொன்செல்வி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு பந்தைத் தட்டினாள். திரும்பி வந்தது. மறுபடி தட்டினாள். அப்புறம் அவள் கால்கள் தாமாகவே நகர ஆரம்பித்தன. பக்கவாட்டில் ஒரு எட்டு, உடம்பை முறுக்கி ஒரு வீச்சு, உடனே நடுவுக்கு வந்து நிற்பது. கீழே மணிராஜின் அம்மா ஆறுமுகத்தாயின் செல்லில் சீரியல் அழுதுகொண்டிருந்தது. மேலே பந்து ஒருமுறைகூட நிற்கவில்லை. பொன்செல்வி ஹெட்செட்டைக் கழற்றியபோது நெற்றியில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"பந்து கையில படுதுங்க" என்றாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த விளையாட்டுக்குள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வந்து ஆடலாம். அப்படி ஆடப் போய்த்தான் பொன்செல்வி ஜெபகனியைக் கண்டுபிடித்தாள். கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டத்தில் அவளைத் தோற்கடித்தவள் ஜெபகனி. இப்போது கோயம்புத்தூரில் டீச்சர். இருவரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஆட்டம் ஆடுவது என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஞாயிறு ஆடி அமாவாசை என்பது பிறகுதான் பொன்செல்விக்கு உறைத்தது.

ஆடி அமாவாசை என்றால் பாபநாசத்தில் குளித்துத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டுக்கு இந்த வீட்டுக்குத்தான் வருவார்கள்.

"வேற நாள் சொல்லிருதேன்" என்றாள்.

"நீ ஆடு. நான் பாத்துக்கிடுதேன்" என்றான் மணிராஜ்.

அவள் கருக்கலிலேயே எழுந்து மாமியாரோடு சேர்ந்து சமையலை முடித்துவிட்டுத்தான் மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஈர வேட்டியும் ஈரத் தலையுமாக ஆட்கள் வந்து ஹால் நிறைந்தது. எல்லார் கையிலும் செல். எல்லா செல்லும் ஹால் வைஃபையில். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் பூதத்தான், மணிராஜின் தாய்மாமா; பொன்செல்விக்குச் சித்தப்பா முறை. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். அந்த வீட்டில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது.

"மாப்ளே, பேரன் அனுப்புன வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு. இங்கன 'செல்வி'ன்னு இன்னொண்ணு காட்டுதே, கோடு நிறைய இருக்கு. அதுக்குப் பாஸ்வேர்டைச் சொல்லு."

"அதை மட்டும் கேக்காதீங்க மாமா" என்றான் மணிராஜ்.

"என்னது?"

"அது செல்வி ஆடுததுக்கு உள்ளது. வேற யாரும் சேந்தா அவளுக்குப் பந்து நின்னுரும்."

ஆறுமுகத்தாய் மகனைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினாள். மணிராஜ் அசையவில்லை. மாமாவுக்கு அவன் இல்லையென்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"இந்த வீட்டுல எனக்குச் சொல்லக்கூடாததும் இருக்கோ. அப்படி என்னதான் ஆடுதா, பாப்பம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா மாடியேறினார். மணிராஜ் பின்னாலேயே ஓடினான்.

வாசல் வரைதான் அவர் கோபம் வந்தது. உள்ளே பொன்செல்வி தாவிக்கொண்டிருந்தாள். வேகத்தில் அவள் கை போவது தெரியவில்லை, வீசி முடிந்த பிறகுதான் தெரிந்தது. திரையில் பந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பறந்தது.

"எதிர்ல யாரு?" என்றார் மாமா பைய.

"கோயம்புத்தூர்ல இருக்கா."

"அங்கன இருந்துக்கிட்டா அடிக்கா?" அவர் வயரைத் தேடினார். மணிராஜ் சுவரிலிருந்த ரவுட்டரைக் காட்டினான். பச்சை விளக்கு சத்தமில்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. மாமா அதையும் பார்த்தார், பொன்செல்வியையும் பார்த்தார். அதன்பிறகு செல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் இழுபறியாகப் போய், கடைசியில் ஜெபகனி மூலையில் வெட்டிவிட்ட ஒரு பந்து பொன்செல்வியை ஏமாற்றிவிட்டது. தோற்றுவிட்டாள். ஸ்பீக்கரில் ஜெபகனிக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

"ஏ செல்வி, நீ எங்க போயி ஒளிஞ்சிருந்த இவ்வளவு நாளா? என் கை ஒடிஞ்சுபோச்சு. இன்னொண்ணு ஆடுவமா?"

"இல்லக்கா, வீட்டுல ஆளு வந்திருக்கு. இலை போடணும்" என்றாள் பொன்செல்வி.

"ஆடு பிள்ள" என்றார் மாமா.

அவள் திடுக்கிட்டு ஹெட்செட்டை நெற்றிக்கு ஏற்றினாள். "சித்தப்பா, நீங்க எப்ப வந்திய?"

"அதெல்லாம் பொறவு. இலையை நாங்க போட்டுக்கிடுதோம். நீ இவளை விடாத."

சொன்னபடியே கீழே போய் வாழையிலைக் கட்டைப் பிரித்தார். பந்தியில் முதல் இலைக்கு உட்கார்ந்தே பழகிய மனிதர் குனிந்து இலை போடுவதை ஆறுமுகத்தாய் கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள். மணிராஜ் தண்ணீர் வைத்துக்கொண்டே வந்தான். தலைக்கு மேலே காலடிச் சத்தம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கடைசியில் தொம்மென்று ஒரு குதி விழுந்து, அதன்பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது.

மாமா கையில் இலையோடு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "அடிச்சுட்டா" என்றார், தானே ஆடி ஜெயித்தவரைப்போல.