ராமசெல்வியின் நிறம்

கல்யாணத்துக்கு இரண்டு கேமராவோடு போவதுதான் கார்குழலியின் வழக்கம். வலது தோளில் பழையது, மேடையை மொத்தமாக அள்ளுகிற லென்ஸோடு. இடது தோளில் சமீபத்தில் செகண்ட்ஹேண்டில் வாங்கியது, தூரத்து முகத்தைக் கிட்டே இழுக்கிற லென்ஸோடு. தாலி கட்டுகிற நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டுகிறவரை எந்த ஐயரும் காத்திருக்க மாட்டார். சிக்கல் என்னவென்றால் இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒரே முகத்தை ஒரே விளக்கில் எடுத்தாலும் பழையது உள்ள நிறத்தைக் காட்டும். புதியது மேடை வெளிச்சத்தில் ரோஸாக வெளுத்துக் காட்டும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவள் படத்தை வெளியே காட்டுவாள்.

திருவொற்றியூரில் நடந்த ராமசெல்வியின் கல்யாணப் படங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. டோல்கேட்டில் ஸ்டுடியோ வைத்து அவளுக்குக் கல்யாண ஆர்டர் கொடுக்கும் லியோனார்ட், ஆல்பத்துக்குப் படம் பொறுக்க மாப்பிள்ளை வீட்டாரை அவசரப்பட்டு வரச்சொல்லிவிட்டார். வியாசர்பாடியிலிருந்து கார்குழலி வந்து சேர்ந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா தங்கபுஷ்பம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மளிகை மொத்த வியாபாரக் குடும்பம். கடையில் அதட்டிப் பழகிய குரல். அவர் நாற்காலிக்குப் பின்னால் ராமசெல்வி நின்றுகொண்டிருந்தாள்.

திரையில் அவளுடைய இரண்டு படங்கள் அக்கம்பக்கமாக இருந்தன.

"இதுல பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கா. அதுல அடுப்புக்கரி கணக்கா இருக்கா. எல்லாத்தையும் இந்த மாதிரி வெள்ளையாக்கிருங்க" என்றார் தங்கபுஷ்பம்.

"அந்த வெள்ள, கேமரா பண்ற வேலம்மா. நீங்க கரின்னு சொல்றீங்களே, அதான் அவங்க நெறம்" என்றாள் கார்குழலி.

தங்கபுஷ்பம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயே இந்த நிறத்துல இருக்கே. உனக்கு எங்க தெரியப் போகுது?"

கார்குழலிக்குக் காது மடல் கொதித்தது. தன்னைச் சொன்னதையாவது விட்டுத் தொலைக்கலாம். வீட்டுக்கு வந்த மருமகளை, அவள் காதுபடவே அடுப்புக்கரி என்று சொல்ல ஒரு வாய் எப்படித் துணிகிறது?

"மூஞ்சி அவங்களுது. அவங்கள கேளுங்க. நீயே சொல்லும்மா, இன்னா வோணும்?"

"அத்தை சொல்றபடியே..." என்று ராமசெல்வி தரையைப் பார்த்தாள்.

"கொழலி, நீ போய் டீ குட்ச்சிட்டு வா" என்று லியோனார்ட் குறுக்கிட்டார். அவள் கிளம்பிப் போனதும் வெளுக்கிற வேலையை அவரே உட்கார்ந்து முடித்தார்.

ஆல்பம் போய்ச் சேர்ந்த சில நாளில் ராமசெல்வி தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"அக்கா, ஆல்பத்தப் பாத்துட்டு எங்கப்பா 'நல்லாருக்கும்மா'ன்னு மூடி வச்சிட்டாங்க. நான் அப்பா சாடைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதுல அவங்க யாரோ, நான் யாரோன்னு இருக்கு. வெளுக்காத படம் கிடைக்குமா?"

கார்குழலி தேடி எடுத்தாள். தாரை வார்த்து முடிந்து அப்பாவும் மகளும் கண் கலங்கி நிற்கிற படம். புதிய கேமராவில் எடுத்தது. பக்கத்தில் பழைய கேமராவின் படத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அந்த ரோஸை வடித்தாள். அப்பாவின் கன்னமும் மகளின் கன்னமும் ஒரே மாநிறத்துக்கு வந்து சேர்ந்தன. ராமசெல்வி திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிரிண்ட் போட்டுத் தரவா?"

"ஐயோ, வேண்டாங்கா. வீட்டுல வைக்க முடியாது. போனுக்கு அனுப்புங்க, போதும்."

அவள் போனதும் கார்குழலி நேரே லியோனார்டிடம் போனாள். "அந்தப் பொண்ணு தன் மூஞ்சிய தானே ஒளிச்சு வச்சிக்கினு போவுது. உனுக்கு நல்லாக்கீதாண்ணா?"

"கஸ்டமர் கேட்டாங்க, செஞ்சேன். ஊர்ல எவன் செய்யல?"

"ஊர்ல செஞ்சா நாமளும் செய்யணுமா? இனிமே நான் எடுத்த படத்துல ஒருத்தர் தோலயும் நீ தொடக்கூடாது. முடியாதுன்னா வேற ஆள பாத்துக்க."

"கோவம் தணிஞ்சதும் வா" என்று லியோனார்ட் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. இரண்டு கேமராவையும் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அப்புறம் அங்கே போகவே இல்லை.

புளியந்தோப்பில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது தங்கபுஷ்பத்திடமிருந்து போன் வந்தது. அப்பாவோடு நிற்கிற அந்தப் படத்தை ராமசெல்வி வாட்ஸ்அப் முகப்பில் வைத்துவிட்டாளாம். சொந்தக்காரர் அத்தனை பேரும் பார்த்தாயிற்றாம்.

"யாரைக் கேட்டு அந்தப் படத்த அவகிட்ட கொடுத்தே?"

"மூஞ்சிக்குச் சொந்தக்காரங்களே வந்து கேட்டாங்க, குடுத்தேன். இன்னும் வோணும்னாலும் குடுப்பேன்."

எதிர்முனையில் திட்டு தொடர்ந்தது. கார்குழலி அதைக் காதில் வாங்காமல், போனைக் காதிலிருந்து எடுத்து, வாட்ஸ்அப்பில் ராமசெல்வியின் எண்ணைத் தேடி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.