கொரின் போனை சைலன்ட்டில் போட்டாள்

1

இந்தக் கதையை எழுத எனக்கு உரிமையில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசு சரியில்லாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக உட்காரும் கூட்டம் ஒன்றுக்கு நானும் போகிறேன். உள்ளே கேட்டது வெளியே போகக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் இதில் வரும் ஆட்கள் எல்லாம் என் கற்பனை. மேஜைமேல் கிடக்கும் போன்கள் மட்டும் நிஜம்.

2

தொடக்கம் ஒன்று: கனடாவின் சஸ்கட்டூனில் பிப்ரவரி மாதத்துப் பனி...

வேண்டாம். பனியைப் பற்றி எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

தொடக்கம் இரண்டு: ஐஸில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் கிளப்பின் மாடி அறையில் கொரின் திபோ கோட்டைக் கழற்றிக் கதவோரக் கொக்கியில் மாட்டினாள். புது இடம், மரியாதையாக இருக்க வேண்டுமென்று போனை சைலன்ட்டில் போட்டுக் கோட்டுப் பைக்குள்ளேயே விட்டாள்.

இதுவே இருக்கட்டும். வேறு எந்தக் கூட்டத்திலும் இது நல்ல பழக்கம். இங்கே எந்த நேரமும் வீட்டிலிருந்து பிள்ளை கூப்பிடலாம் என்பதால் எல்லாருடைய போனும் சத்தத்தோடு, திரை மேலே தெரிய, மேஜைமேல் இருக்கும். ஒன்று அடித்தால் பேச்சு நின்றுவிடும். போனுக்குரியவரின் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவரை வீட்டில் கொண்டுபோய் விட, தன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுவார். ரோடெல்லாம் ஐஸ், பதறுகிறவர் வண்டி ஓட்டக் கூடாது. ஏன், எதற்கு என்று அவர் கேட்பதில்லை.

(இன்னொரு விதி: "எல்லாம் சரியாயிடும்" என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.)

3

கொரினின் மகள் நோயெலுக்குப் பதினாறு வயது. போன இலையுதிர்காலத்தில் மாத்திரை டப்பாவைத் திறந்து...

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். பிழைத்துவிட்டாள், அது போதும்.)

அன்றிலிருந்து கொரின் அவளை விட்டு அகலவில்லை. இன்றுதான் முதல்முறையாகத் தனியே விட்டு வந்திருக்கிறாள். "போம்மா, எனக்கும் கொஞ்சம் மூச்சு விடணும்" என்று விரட்டியவளே நோயெல்தான்.

"கூப்பிட்டா உடனே எடுப்பேன்" என்று கொரின் வாசலில் நின்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

4

கூட்டத்தை நடத்தும் டேல் மெல்னிக் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். தன் மகனோடு இதெல்லாம் பட்டவர். இந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகம்; ரொம்ப நல்லவராக வருகிறார். ஒரு குறையாவது வேண்டாமா? சரி, புதிதாக வருகிறவர்களிடம் விதியைச் சொல்ல மறந்துவிடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொரினுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"பொண்ணுக்குச் செல்லம் ஜாஸ்தி, அதான் இப்படின்னு எங்க அக்கா சொல்றா," என்றாள் கொரின்.

"எங்க வீட்லயும் இருக்கானே ஒருத்தன், என் தம்பி," என்றார் டேல். " நாலு போடு போட்டா திருந்திடுவான்னான். அப்ப நீயே ஒரு வாரம் வச்சுப் பாருன்னு பையனை அனுப்பினேன். மறுநாளே கொண்டுவந்து விட்டுட்டான்."

கொரின் சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. சிரித்த உடனே, மகளை அங்கே விட்டுவிட்டு இங்கே சிரிக்கிறோமே என்று உறுத்தவும் செய்தது.

"ஆமா, உங்க போன் எங்க?" என்றார் டேல்.

"கோட்ல. யாருக்கும் தொந்தரவா இருக்க வேணாம்னு சைலன்ட்ல..."

மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் கதவோரக் கொக்கியைப் பார்த்தார்கள். கீழே ஆடுகிறவர்களின் கல் ஐஸில் சறுக்கும் சத்தம் கேட்டது.

"போய் எடுங்க," என்றார் டேல் மெதுவாக. "தப்பு என்னோடது. வாசல்லயே சொல்லியிருக்கணும்."

திரையில் எடுக்காத அழைப்புகள் வரிசையாக: நோயெல், நோயெல், நோயெல். திருப்பி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

5

முடிவு ஒன்று: நோயெல் எடுக்கிறாள். "சீஸ் எங்கம்மா வச்ச? எத்தனை தடவை கூப்பிடறது?"

எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் இதுவும் அந்த "எல்லாம் சரியாயிடும்"தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

முடிவு இரண்டு:

எழுத மாட்டேன். அந்த மேஜைக்காரர்களும் இதைப் படிப்பார்கள். இந்த முடிவைத் தினமும் மனசுக்குள் எழுதி எழுதி அழிக்கிறவர்கள் அவர்கள். என் கையாலும் ஒரு பிரதி வேண்டாம்.

அதனால் இப்படிச் செய்கிறேன். டேலைக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறேன். (நல்ல மனுஷர், மன்னித்துவிடுவார்.) கொரினுக்கு வலப்பக்க நாற்காலி இப்போது காலி. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், இனி அதில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். அங்கே மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு அவள் உங்களைப் பார்க்கிறாள்.

எதுவும் சொல்லாதீர்கள். வண்டியைக் கிளப்புங்கள்.