நாற்பத்தெட்டு நிமிடம்

ஐந்து மணிக்கு எழும்புகிறேன். கேத்திலில் தண்ணீர் வைக்கிறேன். தேயிலை ஒரு கரண்டி. முன்பு இரண்டு. பல் தீட்டுகிறேன். இரவு சார்ஜில் போட்ட பற்றரியின் வோல்ட்டை அளந்து கொப்பியில் எழுதுகிறேன். சட்டை போடுகிறேன். வாசலில் என் மனைவி தர்சினியின் செருப்பு இருக்கிறது. மண்ணிறம். இடது வார் அறுந்து, நீல நூலால் அவளே தைத்தது. அதைத் தாண்டி வெளியே போய்க் கதவைப் பூட்டுகிறேன். ஏழு மாதமாக அதை நான் நகர்த்தவில்லை.

எட்டு மணிக்கு லிபெர்த்தா வீதியில் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டில் துப்புரவு வேலை. அதுவரை நேரம் என்னுடையது. அந்த நேரத்தில் ட்ரோன் விடுகிறேன்.

நான்கு விசிறி வைத்த சின்ன ட்ரோன். அவள் இருக்கும்போதே வாங்கினேன். பெட்டியிலிருந்து எடுத்தபடி பதினான்கு நிமிடம் பறக்கும். எனக்கு நாற்பத்தெட்டு வேண்டும்.

மொந்தே பெல்லெக்ரினோ மலையில் ஒரு குகைக்குள் சாந்தா ரொசாலியா கோயில் இருக்கிறது. பலெர்மோவில் எங்கள் ஆட்கள் அங்கே போவதற்குச் சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பார்ப்பதில்லை. ஞாயிறு காலையில் ஏறுவோம். எனக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தால் ஐந்து ஞாயிறு வெறுங்காலோடு ஏறுவதாகத் தர்சினி நேர்த்தி வைத்தாள். வதிவிட அனுமதி கிடைத்தது. நான்கு ஞாயிறு ஏறினாள். நான்காவது ஞாயிறு, அடியிலிருந்து கோயில் படிவரை நாற்பத்தெட்டு நிமிடம். போனில் நேரம் பார்த்துப் பெருமையாகக் காட்டினாள்.

ஐந்தாவது ஞாயிறு நான் முன்னால் போனேன். கோயில் படியில் காத்திருந்தேன். ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். ஏழாவது வளைவில் மதிலோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் என்று கண்டவர்கள் சொன்னார்கள். இதயத்தில் ஒரு வால்வு. பிறந்ததிலிருந்தே பழுதாம். இருபத்தொன்பது வயது.

அவளுடைய தாய் ஞானாம்பிகை ஊரிலிருந்து போனில் ஒன்றுதான் கேட்டார். பிள்ளை கடைசியாக என்ன சொன்னது?

“அம்மா எண்டு சொன்னவ, மாமி,” என்றேன்.

அது பொய். நான் பக்கத்தில் இருக்கவில்லை. என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது வேறு. அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மலையடியிலிருந்து ட்ரோனைப் பாதை வழியே அனுப்பினேன். அவள் நடக்கிற வேகத்தில். ஏன் என்று தெரியாது. ஒன்பதாவது நிமிடம், இரண்டாவது வளைவில், திரையில் ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. கடுகு நிறக் கம்பளிச் சட்டை. வெறுங்கால். பற்றரி எச்சரிக்கை அடித்தது. ட்ரோன் தானாகத் திரும்பி வந்தது. நான் அந்த வளைவுக்கு ஓடினேன். கல் ஈரமாக இருந்தது. ஒருவரும் இல்லை.

புதன்கிழமையும் அதே நிமிடம், அதே வளைவு. வியாழனும். எச்சரிக்கை அடிக்கும்வரை ஏறினாள். அதற்குமேல் ஏறவில்லை.

முதலில் எல்லாரும் விடுகிற பிழையை நானும் விட்டேன். இன்னொரு பற்றரியைக் கட்டினேன். பாரம் கூடியது. அந்தப் பாரத்தைத் தூக்கவே புதுப் பற்றரியில் பாதி போனது. மூன்று நிமிடம்தான் கூடுதலாகக் கிடைத்தது. அவள் இன்னும் ஒரு நூறு மீற்றர் நடந்திருப்பாள்.

யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவன் நான். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விசிறி பெரிதாகவும் மெதுவாகவும் சுற்ற வேண்டும். அதே எடைக்கு கூடுதல் மின்சாரம் கொள்கிற செல் வேண்டும். லப்டொப் பற்றரிக்குள் இருக்கிற உருளைச் செல் அப்படியானது. பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற அந்தோனிமுத்து அண்ணையிடம் போனேன். மன்னார்க்காரர். பெரிய வாய்.

“என்னடா சிந்து, கடையிலை இருக்கிற பழைய பற்றரி எல்லாத்தையும் கேக்கிறாய்? பலெர்மோ முழுக்கக் கரண்ட் குடுக்கப் போறியோ?”

“ட்ரோனுக்கு, அண்ணை.”

“பறக்கிறதுக்கோ, வெடிக்கிறதுக்கோ?”

ஒவ்வொரு செல்லையும் அளந்து, நிறுத்து, நல்லதை மட்டும் பொறுக்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறாய். நீயும் மெலிஞ்சிட்டாய், உன்ரை ட்ரோனும் மெலிஞ்சிட்டுது. சாப்பிடுறனியோ?”

“ஓம்.”

“பொய்.”

நான் போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன்.

“ஆரோ பொம்பிளை ஏறுது,” என்றார். “எங்கடை சனம் ஏறுறதுதானே. ஞாயிறு எண்டா…”

“இது செவ்வாய், அண்ணை. மற்றது புதன். மற்றது வியாழன்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் திரும்பப் பார்த்தார். தர்சினிக்கு அந்தக் கம்பளிச் சட்டையைக் கொடுத்தது அவருடைய மனைவி அகஸ்ரீனா. போனை என் பக்கம் தள்ளினார்.

“இதை இனி என்ரை கடைக்குக் கொண்டு வராதை.”

பிறகு உள்ளே போய் இன்னும் பன்னிரண்டு செல் எடுத்து வந்து முன்னால் வைத்தார்.

உருளைச் செல்லும் பெரிய விசிறியும், திரும்பி வருகிற மின்சாரம் போக, இருபத்திரண்டு நிமிடம் தந்தன. அவள் ஐந்தாவது வளைவுக்கு வந்தாள். ட்ரோனின் கால்களைக் கழற்றி எறிந்தேன். மூடியை, விளக்குகளை, தேவையில்லாத திருகாணிகளைக் கழற்றினேன். உடலைக் கார்பன் குழாயில் செய்தேன். நின்ற இடத்தில் மிதப்பதைவிட மெதுவாக முன்னேறுவதற்கு மின்சாரம் குறைவு என்று கண்டேன். அவளுடைய நடை அதற்குப் போதும். முப்பத்தொன்று.

அன்று ஏழாவது வளைவு வந்தது. அந்த மதில். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கையை மதிலில் வைத்தாள். உட்காரவில்லை. கையை எடுத்துவிட்டு நடந்தாள். மதிலைக் கடந்தாள். எச்சரிக்கை அடித்தது.

வேலைக்குப் போனேன். சிஞ்ஞோரா வீட்டு யன்னல் எல்லாம் துடைத்தேன். மிச்சம் பதினேழு நிமிடம். நான் கொடுத்தால் அவள் வருவாள். கொடுக்காவிட்டால் அந்த மதிலுக்கு மேலே எங்கேயோ நிற்பாள்.

கழற்ற இரண்டுதான் மிச்சம். ஒன்று, திரும்பி வருகிற பயணம். கோயில் வாசலிலேயே இறங்கினால் அந்த மின்சாரம் மிச்சம். மற்றது கமெரா. அதுவும் அதன் தாங்கியும் படம் அனுப்புகிற கருவியும் நூற்றெண்பது கிராம். இரண்டையும் விட்டால் நாற்பத்தொன்பது என்று கணக்கு வந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

கமெராவைக் கழற்றினேன்.

பாதையின் வளைவுகளை ஜிபிஎஸ்ஸில் புள்ளி புள்ளியாகப் பதிந்தேன். ஞாயிறு காலை ஆறரைக்கு நான் கோயில் படியில் நின்றேன். கூட்டம் எட்டுக்குப் பிறகுதான் வரும். ட்ரோனோடு அந்தோனிமுத்து அண்ணை அடியில் நின்றார். போனில் கதைத்தோம்.

“இஞ்சை ஒரு நாய்கூட இல்லை. குளிர் கொல்லுது. டேய், கமெரா எங்கை?”

“கழட்டிட்டன்.”

“குருட்டுச் சாமானை விட்டு என்னத்தையடா பாக்கப் போறாய்?”

“பாக்கிறதுக்கில்லை, அண்ணை. சுவிச்சைப் போடுங்கோ.”

விசிறிச் சத்தம் கேட்டது.

“எழும்பிட்டுது. போகுது. என்னடா இது, ஆமை மாதிரி…”

“அதுதான் வேகம்.”

நேரமானியை அழுத்தினேன். போனில் விசிறிச் சத்தம் தேய்ந்தது.

“சிந்து.”

“என்ன, அண்ணை?”

“இஞ்சை ஆரோ செருப்பைக் கழட்டி விட்டிட்டுப் போயிருக்கினம். நான் வரேக்கை இருக்கேல்லை.”

“என்ன நிறம்?”

“மண்ணிறம். ஒரு வார் தைச்சுக் கிடக்கு.”

“என்ன நிற நூல்?”

 மாதாவைக் கூப்பிட்டார். அழைப்பு அறுந்தது.

அன்று விடிய வீட்டை விட்டு வெளிக்கிடும்போது வாசலில் எதையாவது தாண்டினேனா என்று யோசித்தேன். ஞாபகம் இல்லை.

கோயில் கதவைப் பார்த்தபடி நின்றேன். பாதை எனக்குப் பின்னால். கையிலிருந்த கருவியில் வோல்ட் மட்டும் தெரிந்தது. பத்தாவது நிமிடம் பதினைந்து தசம் ஆறு. முப்பத்தோராவது நிமிடம் பதின்மூன்று தசம் எட்டு. அது மதில் இருக்கிற இடம். இலக்கம் கொஞ்சம் ஆடியது, பிறகு நிலையாக நின்றது. நாற்பதில் பதின்மூன்று. காற்று இல்லை. நாற்பத்தைந்தில் பன்னிரண்டு தசம் நான்கு. கீழேயிருந்து தேனீ போல ஒரு சத்தம் வந்தது. அது கிட்ட வந்தது. என் முதுகுக்குப் பின்னால் பத்து மீற்றர் தூரத்தில் இறங்கியது. விசிறிகள் நின்றன.

நாற்பத்தெட்டு.

எல்லாம் அமைதியானபிறகும் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. கல்லில் வெறுங்கால் வைக்கிற சத்தம். அவசரப்படாத சத்தம். நின்று மூச்சு வாங்கியது. மீண்டும் தொடங்கியது. முதல் படி. இரண்டாவது படி.

திரும்பினால் தெரிந்துவிடும். நான் கதவையே பார்த்தேன்.

அந்த ஐந்தாவது ஞாயிறு, அவளுடைய செருப்பை என் பையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். மூச்சு வாங்குகிறாளே என்று மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது முறை அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“சும்மா திரும்பித் திரும்பிப் பாக்காதேங்கோ. முன்னாலை போங்கோ. நான் வாறன்.”