ஒரே கணினிக்கு இரண்டு காவல்

மறுபடியும் இறக்கிய கோப்பு மறுபடியும் காணாமல் போனது. திரையின் ஓரத்தில் வைரஸ் தடுப்பு நிரலின் பச்சைக் கேடயம் எட்டிப் பார்த்து, ‘தேவையற்ற நிரல் நீக்கப்பட்டது. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்று பல்லிளித்தது. வந்த ஆத்திரத்துக்கு மடிக்கணினியை ஜன்னல் வழியாக வீசியிருப்பாள். வீட்டுக்கே அது ஒன்றுதான் என்பதால் பிழைத்தது.

அவள் இறக்கியது படமோ பாட்டோ அல்ல. வேலை கொடுத்த கம்பெனியின் வி.பி.என். மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. வீட்டில் இருந்தபடியே செய்யலாம். ஆனால் கம்பெனியின் கணினிகளுக்குள் போக அந்தப் பூட்டிய பாதை ஒன்றுதான் வழி. முந்தாநாள் எப்படியோ ஏற்றிவிட்டாள். உள்ளே போய் மூச்சு விடுவதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்பப் போனாள், திரும்ப அறுந்தது. நேற்று நிரலையே பச்சைக் கேடயம் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது.

காலையில் டீம் லீடர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “மத்தியானம் டிரெய்னிங்மா. வி.பி.என். வழியா உள்ள வந்தாத்தான் வந்ததா கணக்கு. ரெண்டு நாளா நீ மின்னி மின்னி மறையற. இன்னிக்கும் வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“வந்துடுவேன் மேடம்.”

வந்துடுவேன் என்று வாய் சொல்லிவிட்டது. கேடயத்தின் அமைப்புகளைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. பூட்டி வைத்தது அண்ணன்.

அண்ணனுக்கு வெல்டிங் பட்டறை. ஜன்னல் கம்பி, இரும்புக் கதவு, மாடிப்படிக் கைப்பிடி. யாரோ ஒரு பெண்ணின் படங்களைக் கணினியிலிருந்து திருடிவிட்டார்கள் என்று எங்கேயோ கேட்டுவிட்டு, அன்றைக்கே தங்கையின் கணினியைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடைச் சிநேகிதனிடம் ஓடினான். அந்தச் சிநேகிதன் செல்போன் பழுது பார்க்கிறவன். தெருவே அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடும். டாக்டர் ஆரஞ்சுக் கேடயம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. இன்னொன்றும் போடச் சொன்னான். அதுதான் பச்சை. ஒரு தாழ்ப்பாள் கேட்டவருக்கு இரண்டு வைத்துக் கொடுத்துப் பழகிய கை. இரும்புக் கதவில் எத்தனை பூட்டுத் தொங்கினாலும் பூட்டுகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்வதில்லை. கணினியில் கடித்துக்கொள்ளும் என்று அவனுக்கு யார் சொல்வது? அவள் சொன்னாள். அவன் கேட்கவில்லை.

போன் போட்டாள்.

“சொல்லு டிகிரி” என்றான். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர்.

“பாஸ்வேர்டு சொல்லுண்ணா. கம்பெனியோட வி.பி.என். சாஃப்ட்வேரை வைரஸ்னு நினைச்சு அழிக்குது.”

“அழிக்குதுன்னா அதுல ஏதோ கோளாறு இருக்குன்னு அர்த்தம். அது என்ன, வி.பி.என்.னா? டாக்டர் சொன்னான், ஆள் எங்க இருக்கான்னு தெரியாம மறைக்கிறதாமே. நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு மறைவு?”

“நான் யார்கிட்டயும் மறையல. நோயாளிங்க விவரத்தைக் கண்டவன் பார்க்கக் கூடாதுன்னு கம்பெனி மறைக்குது. அவங்க தளத்துல இருந்துதான் இறக்கறேன். கம்பெனி ஆள்கிட்டயும் கேட்டாச்சு, இந்தக் கேடயம் தப்பாப் பிடிக்குதுங்கறாங்க.”

“சாயங்காலம் வந்து பார்க்கறேன்.”

“சாயங்காலம் வந்தா வேலைக்குப் பால் ஊத்தத்தான் வரணும்!”

அவன் வைத்துவிட்டான். அவள் கணினியையும் சார்ஜரையும் ஹெட்போனையும் பைக்குள் திணித்தாள். அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“அங்க நாலு பேர் இருப்பாங்க. கத்தாதடி.”

“கத்தலம்மா, பேசத்தான் போறேன்.”

“நீ பேசறதே அப்படித்தானேடி இருக்கு!”

பட்டறையில் கிரைண்டர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. பாதி முடிந்த இரும்புக் கதவு ஒன்று முக்காலிகள் மேல் படுத்திருந்தது. கதவுக்குச் சொந்தக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, எழுந்தால் வேலை நின்றுவிடும் என்பதுபோலக் காவல் காத்துக்கொண்டிருந்தார். டாக்டரும் அங்கேதான் இருந்தான். அவன் கடையில் நோயாளிகள் குறைவு.

அவள் வேலை மேஜையில் கிடந்த இரும்புத் தூளைக் கையாலேயே தள்ளிவிட்டுக் கணினியை வைத்தாள். கிரைண்டர் நின்றது.

“இங்க எதுக்கு வந்த?” என்றான் அண்ணன்.

“இதைப் பாரு. நான் எதுவும் சொல்லல. நீயே படி.”

திரையில் இப்போது ஆரஞ்சுக் கேடயம் எழும்பியிருந்தது. சந்தேகத்துக்குரிய நிரல் ஒன்று பின்னணியில் ஓடுவதாகக் கூச்சல் போட்டது. அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த நிரலின் பெயரை எழுத்துக் கூட்டினான். பச்சைக் கேடயத்தின் பெயர்.

“இது அதைப் பிடிக்குது” என்றான் மெதுவாக.

“அது இதைப் பிடிக்கும். ரெண்டும் சேர்ந்து என் வி.பி.என்.னைப் பிடிக்கும். வந்துபோற ஒவ்வொண்ணையும் ரெண்டும் தனித்தனியா நிறுத்தி மடியைத் தடவினா இணைப்பு எப்படி நிக்கும்? பாஸ்வேர்டைச் சொல்லு.”

அண்ணன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் கூரையைப் பார்த்தான்.

“என்ன?”

“அவன்தான் போட்டான்.”

“உனக்குத் தெரியாதா?”

“அவன்கிட்ட இருந்தாப் பத்திரம்னு…”

இந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள். அந்தக் கணினியில்தான் ராப்பகலாகப் படித்தாள். அதற்கு அவள் சாவி வைத்துக்கொள்ளக் கூடாது. தெருவில் போகிறவன் வைத்துக்கொள்ளலாம்.

“என் படத்தை எவனும் பார்க்கக் கூடாதுன்னுதானே பூட்டின? பூட்டிச் சாவியை ஒரு ஆம்பளைகிட்டக் குடுத்திருக்க. நல்லா இருக்குண்ணா உன் காவல்.”

“ஏய், டாக்டர் நம்ம பையன்.”

“உன் பையன். எனக்கு யாரு அவரு?” டாக்டர் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்க, என்ன பாஸ்வேர்டு?”

டாக்டர் ஒன்றைத் தட்டினான். தவறு. இன்னொன்றைத் தட்டினான். தவறு. “வழக்கமாப் போடறதுதாம்மா. தங்கச்சியாச்சேன்னு உன்னோடதுக்கு மட்டும் ஸ்ட்ராங்கா மாத்திப் போட்டேன். அதான் ஞாபகம் வரமாட்டேங்குது.”

ஸ்டூல்காரர் சிரித்துவிட்டு, அண்ணன் முறைத்ததும் இருமினார்.

அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ரெண்டையும் தூக்கப் போறேன்.”

“பாஸ்வேர்டு இல்லாமத் தூக்க முடியாதும்மா” என்றான் டாக்டர்.

“தயாரிச்சவங்களே அதுக்கு ஒரு கருவி குடுக்கறாங்க. சேஃப் மோடுல ஓட்டினா வேரோட வரும். போன்ல இறக்கி வச்சுட்டுத்தான் வந்தேன்.”

அண்ணன் மேஜையில் கையை ஊன்றினான். கரி படிந்த, அகலமான கை. சின்ன வயதில் அவளை அந்தக் கையில்தான் தூக்கிக்கொண்டு திரிந்தான். அதற்காக இன்றைக்கு வழிவிட்டு நிற்க முடியுமா?

“நான் வேணாங்கறேன். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“நான்தான். காவலே இல்லாம விடப் போறதில்ல, விண்டோஸோட கூடவே வர்றது ஒண்ணு இருக்கு, அது போதும். அதுக்கு மேல ஆனா ஆகட்டும், என் தலைல ஆகட்டும். நான் அனுமதி கேட்டு வரலண்ணா. கேக்கறதா இருந்தா நீ வீட்டுக்கு வர்ற வரைக்கும் காத்திருப்பேன். இந்தக் கணினில என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாதுன்னு இனிமே நான் முடிவு பண்றேன். கையை எடு.”

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் கை நகர்ந்தது. முழுவதும் இல்லை, விசைப்பலகை தெரிகிற அளவுக்கு. அது போதும் அவளுக்கு.

சார்ஜரைச் சுவரில் சொருகினாள். போனைக் கம்பியால் இணைத்துக் கருவிகளைக் கணினிக்கு மாற்றினாள். அணைத்துச் சேஃப் மோடில் எழுப்பியபோது ஆரஞ்சும் பச்சையும் தூங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கினாள். மறுபடி எழுப்பினாள். திரையின் ஓரம் சுத்தமாக இருந்தது. போன் வழியாக இணையத்தைப் பிடித்து வி.பி.என்.னை இறக்கினாள். கோப்பு இறங்கிய இடத்திலேயே இருந்தது. வீட்டுக்குப் போக நேரமில்லை. வகுப்பு தொடங்கும் நேரம். அங்கேயே, இரும்பு நாற்றத்தின் நடுவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். இணைப்பு நின்றது. அறுந்துவிடும், அறுந்துவிடும் என்று பார்த்தாள். நின்றுகொண்டே இருந்தது.

“வந்துட்டியா!” என்றார் டீம் லீடர். “எங்கம்மா இருக்க? பின்னால ஏதோ கதவெல்லாம் தெரியுது.”

“அண்ணன் வெல்டிங் பட்டறைல இருக்கேன் மேடம்.”

“ஓகே. பாடம் ஆரம்பிக்கப் போகுது. சத்தம் வராமப் பார்த்துக்கோ.”

ஸ்டூல்காரர் எழுந்தார். “தம்பி, என் கதவு?”

அண்ணன் கிரைண்டரைக் கையில் எடுத்தான். விரல் சுவிட்சுக்குப் போனது. அவள் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பாமலேயே சொன்னாள்.

“போடாத.”

“எனக்கு வேலை இருக்குடி.”

“எனக்கும் வேலைதான்.”

“எவ்வளவு நேரம்?”

“முடியற வரைக்கும்” என்றாள். மைக்கைத் திறந்தாள்.