எந்த அவசரம்?

ஸ்வர்ணலதாவுக்கு ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலை ஒன்றில் இன்டர்வியூ புதன்கிழமை. திங்கட்கிழமை காலையிலிருந்தே அவள் அப்பா நாராயணசாமி ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

“அந்த வீடியோவெல்லாம் அழிச்சுடும்மா. மீசை வரைஞ்சிக்கினு நீ ஆம்பள மாதிரி கத்தறத கம்பெனிக்காரன் பார்த்தான்னா, கேட்டுலயே திருப்பி அனுப்பிச்சுடுவான்.”

“பார்த்தா சிரிப்பாங்க நைனா.”

“சிரிச்சிட்டு வேலைய வேற ஆளுக்குக் குடுப்பாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. சித்தூரில் டிப்ளமோ முடித்த பின் அவள் போன மூன்று இன்டர்வியூவும் கைகூடவில்லை. மூன்றாவது திருப்பதியில். எதிரே இருந்தவர் அவள் பெயரைப் போனில் தட்டிப் பார்த்தார், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார், அத்தோடு சரி. கடிதமே வரவில்லை.

எல்லாம் ஊரடங்கில் தொடங்கியது. ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போனில் வகுப்பு நடந்தது கொஞ்சம், மற்ற நேரமெல்லாம் வீடியோ. அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று. ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. இரண்டும் நாளைக்கு நாலு தடவை முட்டிக்கொள்ளும். வெயிலில் வந்த விருந்தாளி ‘நீள்ளு, நீள்ளு’ என்று தெலுங்கில் தண்ணீர் கேட்கிறார். வேலூரிலிருந்து வந்த புது மருமகள் ‘நில்லு’ என்று நினைத்து நின்ற இடத்திலேயே நிற்கிறாள். இதுதான் முதல் வீடியோ. இரண்டு வேஷமும் அவளே.

பிறகு முகம் தெரியாதவர்கள் கீழே எழுத ஆரம்பித்தார்கள். புத்தூர் ஆட்டோக்காரர் ஒருவர், சித்தூர் நர்ஸ் ஒருத்தி, பாகாலா ஸ்டேஷனில் இட்லி விற்கும் ஒரு அம்மா என்று அவரவர் வேலையில் எந்தச் சொல் காலை வாரியது என்று சொன்னார்கள். யார், எந்த ஊர், என்ன சொல், என்ன ஆயிற்று என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தாள். ஆறு வருஷத்தில் எண்பத்தாறு வீடியோ, மூன்று நோட்டு.

செவ்வாய் சாயங்காலம் அழிக்கும் பொத்தான் வரைக்கும் விரல் போனது. திரும்பி வந்தது.

“எண்பத்தாறும் நான் செஞ்ச வேலை நைனா. அது வேணாம்னா, நானும் அவங்களுக்கு வேணாம்.”

புதன்கிழமை போனாள். ரப்பர் வளையங்கள் செய்யும் தொழிற்சாலை அது. தரப் பரிசோதனைப் பிரிவில் ஓர் இடம் காலி. கேள்வி கேட்ட ஹரிபாபு குண்டூர்க்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. அரை மணி நேரம் தெலுங்கில் கேட்டார், தெலுங்கிலேயே பதில் சொன்னாள். கடைசியில் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். சத்தம் அணைத்த திரையில், கண்மை மீசையும் லுங்கியுமாகப் பதினைந்து வயது ஸ்வர்ணலதா கை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“இதி நுவ்வேனா?” நீதானா என்று கேட்டார்.

“நேனே சார்.”

அவர் சிரிக்கவில்லை. இதைப் பார்த்தவர்கள் நாளைக்கு உன் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பார்களா என்று கேட்டார்.

“மதிக்கிற மாதிரி பேசத் தெரியும் சார்.”

“சரி, பிளான்ட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பு” என்று எழுந்தார். குரலிலேயே முடிவு தெரிந்தது. ஆனாலும் அவள் நிமிர்ந்தே நடந்தாள்.

உள்ளே, சரக்கைப் பரிசோதிக்கும் ஜெயபிரகாஷ் டீக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டிக்காரன், சேர்ந்து இரண்டே மாதம். போகிற போக்கில், சரக்கு தூக்கும் வண்டி ஓட்டும் ரமணாவிடம், தமிழ் வாடை அடிக்கும் தெலுங்கில் கத்தினான்.

“ரமணா! ஆ ஆறு பெட்டிக்கு செக்கிங் அவசரம் லேது!”

நாயுடுபேட்டைக்காரன் ரமணா தலையாட்டினான். ஆறு பெட்டியையும் தூக்கி, நேரே லாரியை நோக்கி வண்டியைத் திருப்பினான்.

“அண்ணா, ஆகண்டி!”

ஸ்வர்ணலதா லாரிக் கதவருகே ஓடி இரண்டு கையையும் தூக்கி நின்றாள். வண்டி நின்றது. ஹரிபாபு பதறிப்போய் வந்தார்.

“இன்னும் செக் பண்ணலை சார், ஏத்தக் கூடாது.”

“செக்கிங் அவசரம் லேதனி ஆயனே செப்பாடு!” என்று ரமணா விரல் நீட்டினான்.

ஜெயபிரகாஷ் ஓடி வந்தான். “யோவ், நான் எங்கய்யா ஏத்தச் சொன்னேன்? டீ குடிச்சிட்டு வந்து பாக்குறேன், அவசரம் இல்லன்னு தானே சொன்னேன்!”

அவரவருக்கு அவரவர் பாஷையில் சொன்னாள். தமிழில் அவசரம் என்றால் சீக்கிரம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ஜெயபிரகாஷ் மெதுவாகப் பார்க்கலாம் என்றான். ரமணா காதில் பார்க்கவே வேண்டாம் என்று விழுந்தது.

ஜெயபிரகாஷ் தலையில் கை வைத்தான். “அப்போ ரெண்டு மாசமா செக்கிங்கே வேணான்னா சொல்லிக்கினு இருந்தேன்?”

போன மாதம் இரண்டு லோடு சரக்கு பழுது என்று திரும்பி வந்திருந்தது. ஹரிபாபு இருவரையும் விசாரித்திருந்தார், இருவரும் சத்தியம் செய்தார்கள். பொய் சொன்னது யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருந்தார்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று அவள் பக்கம் திரும்பினார்.

“சித்தூர் நர்ஸ் ஒருத்தவங்க எழுதினாங்க சார். ஊசிக்கு அவசரம் லேதுன்னு தமிழ் பேஷண்ட் சொல்லப்போய், ஊசியையே திருப்பி எடுத்துக்கினு போயிட்டாங்களாம். நீங்க சத்தமில்லாம பார்த்தீங்களே, அந்த வீடியோ அதுதான்.”

ஹரிபாபு போனை எடுத்துச் சத்தத்தோடு போட்டார். ரமணாவும் ஜெயபிரகாஷும் ஆளுக்கொரு பக்கம் எட்டிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது ரமணா. மீசைக்கார நோயாளி லுங்கியைப் பிடித்துக்கொண்டு நர்ஸைத் துரத்தும் இடத்தில் ஹரிபாபுவும் சிரித்துவிட்டார்.

“நுவ்வு மாகு அவசரம்” என்றார். “திங்கட்கிழமை வந்துவிடு.”

“வீடியோ அப்படியேதான் இருக்கும் சார்.”

“இருக்கட்டும். ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லாருக்கும் இதைத்தான் போட்டுக் காட்டப்போகிறேன்.”

சத்யவேடு பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் செய்தாள்.

“நைனா, நான் அவங்களுக்கு அவசரமாம்!”

அந்தப் பக்கம் அப்பா போனை மறு காதுக்கு மாற்றினார்.

“எந்த அவசரம்மா? தமிழா, தெலுங்கா?”

“தெலுங்குதான் நைனா. திங்கக்கிழமையே வரச் சொன்னாங்க, அதனால தமிழும்தான்.”

நாராயணசாமி கொஞ்சம் பதற்றமாகக் கேட்டார்.

“ஏம்மா, அந்த மீசை வீடியோ… நான் சொன்னேன்னு நீ ஒண்ணும் அழிச்சுடலயே?”